உம்மாவின் அலுமாரி: பளபளப்பா, பழமையா?



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு மூன்று சகோதரிகள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மூவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூத்தவர் இங்கே திருகோணமலையில், உட்துறைமுக வீதிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். நடுவில் உள்ளவர் கிண்ணியாவில் இருக்கிறார். இளையவர் மணம் முடித்துக் கொழும்பில் வசிக்கிறார். என் மனைவி அவர்களை உள்ளே இருத்தித் தேநீர் கொடுத்தார்.

என்னைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்பு, கலியாணப் பேச்சு, பாகப் பிரிவினை பற்றித்தான் கேட்பார்கள். இவர்கள் கேட்ட கேள்வி வேறு.

"மௌலவி, எங்கட உம்மாட அலுமாரிக்கு என்ன பொலிஷ் போடுறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மூவரின் முகத்தையும் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. மூத்தவருக்குக் கண் கலங்கியிருந்தது. நடுவில் உள்ளவர் ராத்தாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இளையவர் இருவருக்கும் நடுவில் அமர்ந்து தேநீர்க் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

அவர்களின் உம்மா மௌத்தாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. வளவு, நகை, காசு எல்லாம் முறைப்படி பிரிந்துவிட்டன. ஒரு சச்சரவும் வரவில்லை. மிஞ்சியது, அறுத்துப் பங்கு போட முடியாத ஒரே ஒரு பொருள். முதிரை மரத்தில் செய்த இரட்டைக் கதவு அலுமாரி. அது மூத்தவர் வீட்டில் இருப்பதில் மூவருக்கும் சம்மதம்தான். அதை எந்தக் கோலத்தில் வைப்பது என்பதில்தான் மூன்று கருத்து.

மூத்தவர் சொன்னார்: "ஒரு கையும் படக்கூடாது. உம்மா வைத்திருந்தபடியே இருக்கட்டும்." நடுவில் உள்ளவர் சொன்னார்: "நல்லாச் சுரண்டிப் புதுசாப் பொலிஷ் போட வேணும். பழைய அழுக்கும் கோடும் ஒன்றும் தெரியக்கூடாது." இளையவருக்கோ வெள்ளைப் பெயின்ட் அடித்து, விளிம்புகளைத் தேய்த்துவிட்டு, பழைய காலத்துச் சாமான் போலக் காட்ட வேண்டும் என்று ஆசை. கொழும்பில் இப்போது அதுதான் நாகரிகமாம்.

இதற்கிடையில் ஒரு வியாபாரியும் வந்து அலுமாரியைப் பார்த்துவிட்டு, நல்ல விலை சொல்லிப் போயிருக்கிறார். "நீங்க ஒன்றும் செய்ய வேணாம். மிச்சத்தை நாங்க பார்த்துக்கொள்வோம்" என்றாராம். அந்த 'மிச்சம்' என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அவர்களுடைய அனுமதியோடும், பெயரைச் சொல்லாமலும் இதை உங்களுக்கு எழுதுகிறேன். ஏனென்றால் இப்படியோர் அலுமாரியோ, பெட்டகமோ, சாய்மனைக் கதிரையோ இல்லாத வீடு நம்மிடையே குறைவு.

பெயர் அந்நியம், மரம் நம்முடையது

முதலில் அந்தப் பொருளைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். 'அலுமாரி' என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். மேசை, கதிரை, வாங்கு ஆகியவையும் அப்படித்தான். அலுமாரிக்குள் இழுத்துத் திறக்கிறோமே 'லாச்சி', அது ஒல்லாந்தர் சொல். மேலே பூசும் 'பொலிஷ்' ஆங்கிலேயர் சொல். நமது துறைமுகத்தை 1620களில் போர்த்துக்கேயரும், 1639-ல் ஒல்லாந்தரும், 1795-ல் ஆங்கிலேயரும் ஒருவர் பின் ஒருவராகப் பிடித்தார்கள். ஓர் அலுமாரியைத் திறந்து மூடினாலே அந்த மூன்று வரலாறும் நம் வாயில் வந்துவிடுகின்றன.

ஆனால் மரம் நம்முடையது. முதிரையும் கருங்காலியும் பாலையும் நமது வறண்ட பிரதேசக் காடுகளில் வளர்பவை. சிங்களத்தில் ஹல்மில்ல என்றும், தமிழில் சாவண்டலை என்றும் சொல்லப்படும் மரத்துக்கு ஆங்கில வணிகத்தில் வழங்கிய பெயரே 'திருகோணமலை மரம்' என்பதுதான். அது இந்தத் துறைமுகத்திலிருந்து சென்னைக்குக் கப்பலேறியது. பெரும் அலையில் முட்டி மோதிக் கரை சேரும் சென்னை மசூலாப் படகுகளுக்கு அந்த மரம் உகந்தது என்று பெயர் பெற்றிருந்தது. வளையும், ஆனால் லேசில் முறியாது.

முதிரை வேறு வகை. வெட்டிய புதிதில் வெளிர் மஞ்சளாக, பட்டுத் துணியைப் போல மினுங்கும். ஆண்டுகள் போகப் போக நிறம் ஆழ்ந்து தேன் நிறத்துக்கு வரும். அந்த நிறத்தை எந்தக் கடையிலும் டப்பாவில் வாங்க முடியாது. வெளிச்சமும் காற்றும் காலமும் சேர்ந்து மரத்தின் மேற்பரப்பில் போடும் நிறம் அது. மேற்பரப்பில் மட்டும் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சுரண்டினால் போய்விடும். திரும்பி வர இன்னொரு ஆயுள் வேண்டும்.

மூன்று விருப்பமும் நியாயம்தான்

ரசனை விடயத்தில் ஒருவரை ஒருவர் குறைவாகப் பேசுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. புதுசாக்க நினைப்பவரை 'மதிப்புத் தெரியாதவர்' என்கிறோம். அப்படியே வைப்பவரை 'குப்பை சேர்ப்பவர்' என்கிறோம். இந்த மூன்று விருப்பத்துக்கும் பின்னால் நீண்ட கதை உண்டு.

பளபளப்பை எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் காலத்துத் தளபாடங்களைக் கொழும்பு புறக்கோட்டை இளவரசர் வீதியில் உள்ள ஒல்லாந்தர் கால அருங்காட்சியகத்தில் சேகரித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மரத்துக்கு எண்ணெயும் தேன்மெழுகும் தேய்ப்பதே பெரும்பாலும் வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஐரோப்பாவில் 'பிரெஞ்சு பொலிஷ்' பரவியது. அதன் மூலப்பொருள் ஐரோப்பாவில் கிடைப்பதல்ல. இந்தியா போன்ற நாடுகளின் மரக்கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் அரக்கு அது. அதைச் சுத்தப்படுத்தி, ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் பொதிந்த பஞ்சால் மெல்லிய படலமாக, ஒன்றின் மேல் ஒன்றாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். ஒரு கதவுக்குப் பல நாள் உழைப்பு வேண்டும். பெருநாளுக்கு முன்பும் கலியாணத்துக்கு முன்பும் வீட்டுத் தளபாடத்துக்குப் பொலிஷ் போடுவது நமது பெரியவர்கள் வீட்டுக்கும் விருந்தினருக்கும் செய்த மரியாதை. ஆகவே நடுச் சகோதரியின் விருப்பத்தில் அறியாமை ஒன்றும் இல்லை.

இளையவரின் விருப்பமும் வெறும் கூத்து அல்ல. பெயின்ட் பூசிய தளபாடம் சுவீடனிலும் பிரான்சிலும் நூற்றாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. அப்படிப்பட்ட பழைய சாமான்களில் கை படும் இடங்களில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரியும். அந்தத் தோற்றம் மக்களுக்குப் பிடித்துப்போனது. 1989-ல் அமெரிக்காவின் சான்ட்டா மொனிக்கா நகரில் 'ஷாபி ஷிக்' என்ற பெயரில் ஒரு கடை திறக்கப்பட்டு, அந்தப் பெயரே ஒரு பாணிக்குப் பெயராகிவிட்டது. 'நைந்த நாகரிகம்' என்று நாம் சொல்லலாம். கொழும்பில் வெளிச்சம் குறைந்த சிறிய மாடிவீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, வெள்ளைச் சாமான் அறையைப் பெரிதாகக் காட்டும். அவருக்கு அது ஒரு தேவை.

மூத்தவரின் விருப்பத்துக்கும் பெரிய ஆதரவாளர்கள் உண்டு. இங்கிலாந்தில் பழைய கட்டிடங்களைப் 'புதுப்பிக்கிறோம்' என்று சுவர்களைச் சுரண்டிக்கொண்டிருந்த காலத்தில், வில்லியம் மொரிஸ் என்ற கலைஞரும் நண்பர்களும் 1877-ல் பழைய கட்டிடங்களைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். அதற்குச் செல்லப் பெயர் 'சுரண்டல் எதிர்ப்பு'. பழுது பார், பாதுகா, ஆனால் காலம் எழுதியதை அழிக்காதே என்பது அவர்கள் கொள்கை. அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது.

மூன்று பக்கமும் நியாயம் இருந்தால் முடிவு எப்படி எடுப்பது? நான் உடனே பதில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக என் வீட்டில் நான் செய்த ஒரு பிழையைச் சொன்னேன்.

என் வாப்பாவின் எழுத்துமேசை

என் வாப்பா பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவர். பாயில் அமர்ந்து பாவிக்கும் சாய்வான ஒரு சிறு மேசை அவரிடம் இருந்தது. அவருடைய இடது முழங்கை பட்டுப் பட்டு ஓரிடம் குழிந்திருந்தது. மைக்கறை ஏராளம். முன் விளிம்பு முழுக்கச் சிறு சிறு வெட்டுகள்.

நான் அரபுக் கல்லூரியில் படித்து முடித்து மௌலவிப் பட்டத்தோடு ஊர் திரும்பியபோது வாப்பா உயிரோடு இல்லை. அவர் இடத்தில் அமர்ந்து நானும் ஓதிக்கொடுக்கத் தொடங்கினேன். மேசை அசிங்கமாக இருக்கிறதே என்று எண்ணி, ஒரு தச்சரிடம் கொடுத்து இழைத்து, சாண்ட் பேப்பர் போட்டு, வார்னிஷ் பூசிக் கொண்டுவந்தேன். புதுப் பொருள் போலப் பளபளத்தது. பெருமையோடு உம்மாவின் முன் வைத்தேன்.

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. முன் விளிம்பில் விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அந்த வெட்டெல்லாம் எங்க மகன்?"

"எல்லாத்தையும் எடுத்தாச்சு உம்மா. ஒன்றும் இல்லை."

"ஒவ்வொரு புள்ளையும் குர்ஆன் ஓதி முடிச்ச நாளையில உங்கட வாப்பா ஒரு வெட்டு வெட்டி வைப்பாங்க. உங்கட வெட்டும் அதிலதான் இருந்தது."

அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. வார்னிஷ் பூசிய மேசை இன்றும் என்னிடம் இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் என் வாப்பா இல்லை. என் தவறு பளபளப்பை விரும்பியது அல்ல. கேட்காமல் செய்தது. ஒரு வார்த்தை உம்மாவிடம் கேட்டிருந்தால் போதும்.

இதைச் சொல்லி முடித்தபோது மூத்தவர், "பார்த்தீங்களா, நான் சொன்னேனே" என்றார். நடுவில் உள்ளவரின் முகம் இன்னும் இறுகிப்போனது. என் கதை ஒருவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது போல் ஆகிவிட்டதே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. அதனால், "நாளைக்கு ஒரு ஓடாவியாரை அழைத்து வருகிறேன். மரத்தைப் பற்றி மரம் தெரிந்தவர் சொல்லட்டும்" என்றேன்.

ஓடாவியார் படித்த அலுமாரி

நான் அழைத்துச் சென்றவர் வயதான ஓடாவி. படகும் செய்தவர், தளபாடமும் செய்தவர். இப்போது கை நடுங்குவதால் உளி பிடிப்பதில்லை. கண் மட்டும் கூர்மை.

அவர் அலுமாரியின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராக ஒரு லாச்சியை வெளியே இழுத்துக் கவிழ்த்தார். மூலையில் பலகைகள் ஒன்றோடொன்று பல் கோத்திருக்கும் பொருத்தைக் காட்டினார். பற்கள் ஒன்றுக்கொன்று சிறிது வித்தியாசமாக இருந்தன. "கையால வெட்டினது. மெசின் வெட்டினா எல்லாம் ஒரே அளவா இருக்கும்" என்றார். பின்பலகையில் வாள் போன தடம் நேர்கோடாக இருந்தது. வட்டவாள் அறுத்திருந்தால் வளைந்த கோடு விழும். லாச்சி ஓடும் அடிவிளிம்பு தேய்ந்து சரிந்திருந்தது. கதவில் சாவித் துளையைச் சுற்றிய இடம் மட்டும் கறுத்து வழவழத்திருந்தது.

"வெள்ளைக்காரத் துரைமார் 1957-ல் கடற்படைத் தளத்தை விட்டுப் போன நேரம் மூத்தவாப்பா வாங்கினது என்று உம்மா சொல்லுவாங்க" என்றார் மூத்தவர்.

"துரைமார் பாவிச்சிருக்கலாம் மகள். செய்தது நம்மட நாட்டு ஓடாவிதான்" என்று ஓடாவியார் சிரித்தார்.

பிறகு இளையவரைப் பார்த்து, 'பழசாக்கும்' வித்தையை விளக்கினார். புதுப் பலகையைச் சங்கிலியால் அடித்துப் பள்ளம் போடுவார்கள். ஊசியால் குத்திப் பூச்சி அரித்த துளை போலக் காட்டுவார்கள். இரும்புக் கம்பிப் பஞ்சை வினாகிரியில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைப் பூசி மரத்தைக் கறுக்க வைப்பார்கள். தேயிலைச் சாயமும் பூசுவார்கள். மூலை முடுக்கில் அழுக்குப் போலக் கறுப்பு மெழுகை அப்புவார்கள். பெயின்ட் சாமானென்றால், விளிம்பில் முதலில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டு மேலே பெயின்ட் அடிப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது. சுரண்டினால் உரிந்து வரும்.

உண்மையான பழமையை எப்படி அறிவது? நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்:

மெய்யான தேய்வு கை, கால், சாவி, துணி படும் இடங்களில் மட்டும் இருக்கும். யாரும் தொட வழியில்லாத இடமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

பூச்சி அரித்த துளை உள்ளே போய் வளைந்து திரும்பும். செய்த துளை நேராக, ஆழமில்லாமல் முடிந்துவிடும்.

மரம் காய்ந்து சுருங்கும்போது குறுக்கு வாட்டில்தான் கூடுதலாகச் சுருங்கும். ஆகவே பழைய வட்டமேசையை அளந்து பார்த்தால் வட்டம் சற்று முட்டை வடிவமாகி இருக்கும்.

அடிப்பகுதியும் பின்பக்கமும் வெறும் மரமாக, இயல்பாக மங்கியிருக்க வேண்டும். அங்கும் சாயம் பூசியிருந்தால் எதையோ மறைக்கிறார்கள்.

இப்படிப் பழசாக்குவதே குற்றமா என்று இளையவர் கேட்டார். இல்லை சகோதரிகளே. உங்கள் வீட்டு ராக்கையை உங்கள் ரசனைக்கு அடித்துத் தேய்த்து வைப்பது உங்கள் விருப்பம். கடைக்காரர், "இது புதிது, பழைய பாணியில் செய்தது" என்று சொல்லி விற்றால் அதுவும் நேர்மையான தொழில்தான். அதையே நூறு வருடத்துச் சாமான் என்று சொல்லி விற்கும்போதுதான் அது மோசடியாகிறது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்ட சம்பவத்தை நாம் எல்லோரும் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். அங்கே ஈரம் குற்றமாகவில்லை. அதை மறைத்ததுதான் குற்றம்.

வியாபாரி சொன்ன 'மிச்சம்' என்ன என்பதும் இப்போது புரிந்தது. முதிரைக் கதவுகளைக் கழற்றி ஒரு சாமானுக்கும், லாச்சிகளை இன்னொரு சாமானுக்கும் பொருத்தினால், ஓர் உண்மையான அலுமாரி இரண்டு மூன்று பொய்ச் சாமான்களாகிவிடும். ஓடாவியார் தம் காலத்தில் அப்படிப் பலவற்றைப் பார்த்ததாகச் சொன்னார்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2-க்கு முற்பட்ட பொருட்கள் தொல்பொருளாகக் கருதப்படும். அவற்றை அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. மிகப் பழைய சாமான் கையில் இருப்பவர்கள், வெளிநாட்டுக்கு அனுப்பும் எவருக்கும் அவசரப்பட்டுக் கொடுக்காமல், தொல்பொருள் திணைக்களத்தில் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வது நல்லது.

அடியில் இருந்த கோடு

கடைசியாகத்தான் ஓடாவியார் குனிந்து அலுமாரியின் கால்பக்கத்தைப் பார்த்தார். முழங்கால் உயரத்தில் ஒரு கோடு, நான்கு பக்கமும் சுற்றி ஓடியது. கோட்டுக்கு மேலே தேன் நிறம். கீழே வெளுத்துப்போன சாம்பல் நிறம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு" என்றார்.

மூத்தவர் சொன்னார். 2004 டிசம்பர் 26. அலுமாரி அப்போது கிண்ணியாவில் உம்மாவின் வீட்டில் இருந்தது. கடல் வந்து திரும்பிய பிறகும் அறைக்குள் நீர் தேங்கி நின்றது. கிணறுகள் எல்லாம் உவர்த்துப்போய், பவுசரில்தான் குடிதண்ணீர் வந்தது. வரிசையில் நின்று பெற்ற தண்ணீரில் ஒரு வாளியை எடுத்து உம்மா இந்த அலுமாரியைத் துடைத்தாராம். அக்கம்பக்கத்தார் ஏசினார்களாம். "அதனாலதான் சொல்றேன், அந்தக் கோட்டை அழிக்கக் கூடாது. அது உம்மா துடைச்ச கோடு" என்றார்.

அப்போதுதான் நடுச் சகோதரி முதன்முறையாக வாய் திறந்தார்.

"ராத்தா, உங்களுக்கு அது உம்மாட கோடு. எனக்கு அது என்ட மகன்ட கோடு."

அறையில் யாரும் அசையவில்லை. உம்மாவோடு கிண்ணியாவில் இருந்தவர் அவர்தான். அன்று அவருடைய மூன்று வயது மகனைக் கடல் கொண்டுபோனது மூவருக்கும் தெரிந்த விடயம்தான். ஆனால் கோடு தெரியாமல் பொலிஷ் போட வேண்டும் என்று அவர் ஏன் பிடிவாதம் பிடித்தார் என்பதை யாரும் கேட்டிருக்கவில்லை. ராத்தா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த அறைக்குள் அவர் நுழைவதில்லை என்பதையும் யாரும் கவனிக்கவில்லை.

மூத்தவர் எழுந்து போய்த் தங்கையின் பக்கத்தில் அமர்ந்தார். இருவரும் வெகு நேரம் அழுதார்கள். நானும் ஓடாவியாரும் வெளியே வந்து திண்ணையில் நின்றோம். ஒருவர் காக்க நினைக்கும் தழும்பு இன்னொருவருக்கு இன்னும் ஆறாத புண்ணாக இருக்கலாம் என்பது, சுரண்டல் பற்றி நான் சொன்ன கதையில் இல்லாத பாடம்.

என்ன செய்தோம்?

வழி சொன்னவர் ஓடாவியார்தான். "சுரண்டவும் வேணாம், காட்டவும் வேணாம். அதே முதிரையில ஒரு அடிச்சட்டம் செய்து, கோடு மறையுற உயரத்துக்குச் சுற்றிப் போடுவம். பசை இல்லை, ஆணி இல்லை. உட்பக்கத்தால நாலு திருகாணி. என்டைக்காவது கழற்ற வேணும் என்டு நினைச்சா, கழற்றிக்கொள்ளலாம்."

திரும்பப் பெற முடியாத எதையும் செய்யாதே. பழைய பொருட்களைக் காக்கும் வல்லுநர்கள் உலகம் முழுவதும் சொல்லும் விதி இதுதான். நமது ஊரின் பெயர் தாங்கிய ஒரு கப்பல் இருக்கிறது. 'எச்.எம்.எஸ். டிரிங்கோமலி' என்ற அந்தப் பாய்மரப் போர்க்கப்பல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1817-ல் நீரில் இறக்கப்பட்டது. இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் துறையில் 1990 முதல் 2001 வரை அதைப் பழுது பார்த்தார்கள். கெட்ட மரத்தை மாற்றி, நல்ல மரத்தை இருந்தபடி விட்டார்கள். இன்றும் மிதக்கிறது. கெட்டதை மட்டும் மாற்றுவது என்ற அந்த அளவுகோல் ஓர் அலுமாரிக்கும் பொருந்தும்.

ஓடாவியாரின் சொற்படி நடந்த வேலையை முறையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கும் உதவும்.

முதலில் உப்பை வெளியேற்றினோம். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அடிப்பகுதியைப் பல நாட்கள் துடைத்து, ஒவ்வொரு முறையும் நிழலில் உலரவிட்டோம். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அது மரத்துக்குள் இருக்க, மேலே பொலிஷ் போட்டால் வெளுத்து உரிந்துவிடும்.

அடுத்து, பழைய பூச்சு என்ன என்று சோதித்தோம். கதவின் உள்விளிம்பில், கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு துளி ஸ்பிரிட் வைத்தோம். இளகி ஒட்டியது. அப்படியானால் அது அரக்குப் பொலிஷ். இளகாமல் இருந்தால் வேறு வகை வார்னிஷாக இருக்கலாம். அரக்குப் பொலிஷ் உள்ள மேசையில் சூடான கோப்பையை வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஆகவே அடியில் ஒரு துணி போடுங்கள்.

பிறகு மெழுகு. ஒரு பங்கு தேன்மெழுகுக்கு இரண்டு மூன்று பங்கு டர்ப்பன்டைன். மெழுகைச் சுடுநீர்ச் சட்டிக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்கி, அடுப்பை முற்றாக அணைத்து அப்பால் கொண்டுபோன பிறகே டர்ப்பன்டைன் கலக்க வேண்டும். அது தீப்பிடிக்கும் பொருள். மெல்லிய துணியில் கொஞ்சமாகத் தொட்டுத் தேய்த்து, உலர்ந்த பின் இன்னொரு துணியால் மினுக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அல்லது இருமுறை போதும்.

தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். நாளடைவில் காறிப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். லின்சீட் எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப்போட்டு அப்புறப்படுத்துங்கள்.

மிக முக்கியமானது இது. பழைய பெயின்ட் பூசிய தொட்டில், கட்டில், கதவு எதையும் வீட்டுக்குள் வைத்துச் சாண்ட் பேப்பர் போடாதீர்கள். பழைய பெயின்ட்களில் ஈயம் கலந்திருந்தது. அந்தத் தூசி சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணிகளுக்கும் கேடு. நைந்த நாகரிகத்தை விரும்பும் இளம் சகோதரிகள், புதுப் பலகையில், புதுப் பெயின்டில் அதைச் செய்துகொள்ளுங்கள்.

இளையவருக்கும் அப்படித்தான் ஆயிற்று. ஓடாவியாரின் பேரன் சாதாரணப் பலகையில் ஒரு சிறு அலுமாரி செய்து கொடுத்தார். அவரே வெள்ளைப் பெயின்ட் அடித்து, விளிம்பில் மெழுகு தேய்த்துச் சுரண்டி, கொழும்புக்குக் கொண்டுபோனார். யாராவது, "எந்தக் காலத்துச் சாமான்?" என்று கேட்டால், "போன மாதத்துச் சாமான்" என்று சொல்கிறாராம்.

வியாபாரிக்கு மரியாதையாக மறுமொழி சொல்லி அனுப்பியாயிற்று.

கடைசியாக

சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் உம்மாவோ உம்மும்மாவோ விட்டுப்போன ஒரு மரச்சாமான் இருக்கும். அதைப் புதுசாக்கலாம், அப்படியே வைக்கலாம், விற்கவும் செய்யலாம். இதில் இதுதான் சரி என்று யாரும் உங்களுக்குக் கட்டளையிட முடியாது. ஆனால் கை வைப்பதற்கு முன் ஒருநாள் வீட்டிலுள்ள எல்லோரையும் அதைச் சுற்றி இருத்துங்கள். இந்தக் கீறல் எப்படி வந்தது, இந்தக் கறை யாருடையது என்று கேளுங்கள். வயதானவர்களை முதலில் கேளுங்கள். பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவரை இன்னொரு தடவை கேளுங்கள்.

சென்ற வாரம் மூத்தவர் வீட்டுக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். அலுமாரி இருந்த அறையில் இரு சகோதரிகளும் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் உள்ளவர் என்னைக் கண்டதும், "எவ்வளவு மெழுகு போட்டும் இது மங்கலாத்தான் இருக்கு மௌலவி. நான் சொன்ன பொலிஷ் போட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்!" என்றார்.

மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தபடி, தங்கை மடித்துக் கொடுத்த துணியை வாங்கி லாச்சிக்குள் வைத்தார்.